எந்தப் புத்தகத்தில் வேகம் பழகுவது?

வாசகர் கேள்வி – பதில்

வேக வாசிப்புக்காக விரலோட்டி வாசிக்கும் பயிற்சியைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். வரிக்கு அடியில் பென்சில் முனையை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும், கண் அதன் பின்னாலேயே போக வேண்டும், தாண்டிவந்த வரிக்குத் திரும்பக் கூடாது. மூன்று நிமிடம் படித்து, நின்ற இடத்தில் கோடு போடுங்கள். அதே பகுதியை மறுபடி இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். அதன்பின் அடுத்த புதுப் பகுதியை மூன்று நிமிடம் படியுங்கள். இது ஒரு சுற்று. தினம் மூன்று சுற்று போதும். தொடங்கியவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது பென்சிலைப் பற்றி அல்ல, புத்தகத்தைப் பற்றி.

சோழர் வரலாறு பற்றிய 600 பக்கப் புத்தகம் ஒன்று மூன்று வருடமாக அலமாரியில் இருக்கிறது. வேகமாகப் படிக்கக் கற்றால் முடித்துவிடலாமே என்று அதிலேயே பயிற்சியை ஆரம்பித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. வேகமும் கூடவில்லை, படித்ததும் மனசில் நிற்கவில்லை. தப்பு எங்கே?
— வாசகர், கோடம்பாக்கம்

புத்தகத்தில். தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்த முதல் நாளே யாரும் ஸ்பீடு பேப்பர் கொடுப்பதில்லை. விரலுக்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கடிகாரம் வருகிறது. வாசிப்பிலும் அதே வரிசைதான். படித்து முடிக்க ஆசைப்படும் புத்தகம் வேறு, பயிற்சிப் புத்தகம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் உங்கள் சிக்கல்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. எழுத்து உள்ளே போவது நிற்கும்போது மட்டும்தான். பழகிய சொல்லானால் கால் நொடியே அதிகம். பழகாத சொல் வந்தால் அதே இடத்தில் இரண்டு, மூன்று முறை நிற்கும், பின்னாலும் போகும். உங்கள் புத்தகத்தில் இறையிலி, தேவதானம், பிரம்மதேயம் எல்லாம் வரிக்கு வரி வந்திருக்கும். ஒரே அரசர் ஒரே பக்கத்தில் அருண்மொழி, ராஜராஜன், மும்முடிச்சோழன் என்று மூன்று பெயரில் வருவார். பென்சில் போய்விடும், கண்ணும் கூடவே போய்விடும், மனசு மட்டும் 'மும்முடிச்சோழன் யார்?' என்று முந்தின வரியிலேயே நின்றுவிடும். இப்படி மூன்று வாரம் செய்தால், புரியாமலே கண்ணை ஓட்டும் பழக்கம்தான் உறுதிப்படும். மெதுவாகப் படிப்பதைவிட இதை மாற்றுவது கஷ்டம். அதனால் அந்தப் புத்தகத்தை இன்றே அலமாரியில் வையுங்கள்.

ஒரு புத்தகம் பயிற்சிக்கு ஆகுமா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முன்னுரையை விடுங்கள், பல நேரம் அதை எழுதியவர் வேறு ஒருவராக இருப்பார், நடையும் வேறாக இருக்கும். முதல் கால்பகுதியில் ஒரு பக்கம், நடுவில் ஒரு பக்கம், கடைசிக் கால்பகுதியில் ஒரு பக்கம் திறங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 100 சொல் படியுங்கள். யார் உதவியும் இல்லாமல் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள, அதில் 100-க்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளத்தை ஆராய்பவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. அது சாதாரண வாசிப்புக்கு. வேகப் பயிற்சிக்கு இன்னும் கறாராக இருங்கள்: மூன்று பக்கத்திலும் சேர்த்து உங்களை நிறுத்திய சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம். அடுத்த சோதனை: மூடிவிட்டு, கடைசியாகப் படித்த பக்கம் எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். திணறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் இரண்டு வாரத்துக்கு, இரண்டு மூன்று வருடம் முன்பு நீங்களே விரும்பிப் படித்த புத்தகம்தான் சிறந்தது. கதை தெரியும், பெயர்கள் தெரியும். கண்ணும் கையும் சேர்ந்து போவதை மட்டும் கவனிக்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து நீங்கள் நன்றாக அறிந்த துறையில் ஒரு புதுப் புத்தகம். ஆறு வாரம் கழித்துச் சோழர்களிடம் திரும்புங்கள். அப்போதும் முதல் 50 பக்கத்தைப் பென்சில் இல்லாமல், நிதானமாக. பெயர்களையும் பட்டங்களையும் ஒரு அஞ்சலட்டை அளவு அட்டையில் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 51-ஆம் பக்கத்தில் பென்சிலை எடுக்கலாம்.

ஆங்கிலத்தில் வேக வாசிப்பு கற்றுத்தரும் நூல்கள் நிமிடத்துக்கு 400 சொல், 600 சொல் என்கின்றன. எனக்கு ஆங்கிலக் கட்டுரையில் 230 வருகிறது. தமிழ் நாவலில் 150-ஐத் தாண்டவில்லை. தாய்மொழியில் இவ்வளவு மந்தமா?
— வங்கி ஊழியர், அண்ணாநகர்

மந்தமே இல்லை. 'வரவில்லையென்றாலும்' என்று நாம் ஒரே சொல்லில் எழுதுவதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு நான்கு, ஐந்து சொல் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ் எப்போதும் தோற்கும். தமிழ் வாசிப்பைத் தமிழ் வாசிப்போடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை.

ஆங்கிலத்தில் உங்கள் 230-க்கும் ஒரு குறையும் இல்லை. மார்க் பிரிஸ்பேர்ட் என்ற ஆய்வாளர் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட கணக்கில், ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி கட்டுரைக்கு நிமிடத்துக்கு 238, கதைக்கு 260. கீத் ரேனரும் மற்றவர்களும் 2016-இல் எழுதிய விரிவான ஆய்வுரை, வேகத்தை இரண்டு மூன்று மடங்காக ஏற்றினால் புரிதல் இறங்கியே தீரும் என்று தெளிவாகச் சொல்கிறது. 600 என்பது தேவையானதைத் தேடிக் கண்ணை ஓட்டும் வேகம். அதற்கும் பயன் உண்டு, ஆனால் அது வேறு வேலை.

தமிழில் அளக்கும் முறை இது. நாவலில் ஏதாவது ஒரு பக்கத்தில், முழுதாக நிரம்பிய பத்து வரிகளில் உள்ள சொற்களை எண்ணுங்கள். 68 வந்தால் வரிக்கு 6.8. பக்கத்துக்கு 30 வரி என்றால் 204 சொல். ஐந்து நிமிடத்தில் நான்கு பக்கம் முடித்தால் 816, நிமிடத்துக்கு 163. இதை ஒரே ஒரு தடவை செய்து புத்தகத்தின் உள்அட்டையில் எழுதிவைத்துவிட்டு, பிறகு பக்கத்தையும் வரியையும் மட்டும் குறித்துவந்தால் போதும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கிரவுன், டெமி என்று புத்தக அளவு மாறினால் பக்கமும் மாறும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சொல்லின் தலையைப் பார்த்தால் போதும், வாலை மூளை ஊகித்துக்கொள்ளும் என்று சில ஆங்கில நூல்கள் சொல்லித்தரும். தமிழுக்கு இந்த அறிவுரையைக் கொண்டுவராதீர்கள். நம் சொல்லில் பொருள் வாலில் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர். செய்யலாம், செய்யலாகாது. கொடுத்தார், கொடுத்தாராம், கொடுத்திருப்பார். யார், எப்போது, உண்டா இல்லையா, நேரில் கண்டதா காதில் விழுந்ததா எல்லாமே கடைசி எழுத்துகளில். வாக்கியத்திலும் வினைமுற்று கடைசியில்தான் வரும். வேகப் பயிற்சியில் தமிழ் வாசகர் செய்யும் தப்புகளில் பெரிது இந்த வால் நழுவுவது: செய்தி நினைவிருக்கும், ஆனால் தலைகீழாக.

ஆகவே புத்தகம் எடுக்கும்போது முற்றுப்புள்ளிகளைப் பாருங்கள். ஒரு முற்றுப்புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 முதல் 12 சொல் என்றால் தொடக்கத்துக்கு நல்லது. 'சென்று, கண்டு, பேசி, முடித்து' என்று எச்சத்தின் மேல் எச்சமாகப் போய் ஆறாவது வரியில் முடியும் வாக்கியங்களை இரண்டாவது மாதத்துக்கு ஒதுக்குங்கள். பழைய நூலானால் சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பை வாங்குங்கள். பென்சிலை இடது ஓரத்தில் ஒரு சொல் தள்ளி ஆரம்பிக்கலாம்; வலது ஓரத்தில் மட்டும் கடைசி எழுத்து வரை கொண்டுபோங்கள்.

கதையா, கட்டுரையா? மாத நாவல்களை வைத்துப் பழகச் சொல்கிறாள் தோழி.
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

தோழி சொல்வதில் பாதி சரி. மாத நாவலில் வாக்கியம் சின்னது, சொல் எல்லாம் தெரிந்தது, அடுத்து என்ன என்ற ஆவலே பக்கத்தைத் திருப்ப வைக்கும். கையும் கண்ணும் சேர முதல் ஐந்து நிமிடச் சூடேற்றலுக்கு அருமையானது. அளப்பதற்கு மட்டும் ஆகாது. பாதிப் பக்கம் உரையாடல். "எங்கே?" என்று ஒரு வரி, "தெரியாது" என்று ஒரு வரி. பக்கக் கணக்கில் வேகம் இரட்டிப்பானது போலத் தெரியும். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் வர்ணனைப் பத்திகளைத் தாண்டிக் குதிப்பீர்கள். அது வேகமாகப் படிப்பது அல்ல, படிக்காமல் விடுவது.

அளக்கக் கட்டுரைதான் சரி. பத்திரிகையில் வந்த அறிவியல், மருத்துவம், பயணக் கட்டுரைகளைத் தொகுத்த நூல்கள் நிறைய உண்டு. ஒரு கட்டுரை ஐந்தாறு பக்கம், ஒரே பொருள், ஒரே ஆசிரியர், ஒரே நடை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டால் எட்டு வாரத்தில் வேகம் எப்படிப் போகிறது என்று நம்பிப் பார்க்கலாம். முடித்ததும் மூடிவைத்து ஐந்து குறிப்பு எழுதிப் பாருங்கள். நான்கு குறிப்பாவது வந்தால் வேகம் சரி. ஐந்தும் தடையில்லாமல் வந்தால் பென்சிலைக் கொஞ்சம் விரட்டலாம். மூன்றுக்குக் கீழே இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது எளிய நூலுக்கு மாறுங்கள்.

கதைக்கும் கட்டுரைக்கும் நடுவில் வாழ்க்கை வரலாறு இருக்கிறது. காலவரிசையில் போகும், பெயர்கள் குறைவு, அடுத்து என்ன வரும் என்று மனம் முன்கூட்டியே தயாராக இருக்கும். சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசையில் ஆளுக்கொரு சிறு நூல். வாழ்க்கை, படைப்பு என்று ஏறக்குறைய ஒரே அமைப்பு. பிடித்த எழுத்தாளரைப் பற்றியதில் தொடங்கினால் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பெரிய நாவல் எடுத்தால் முதல் 30 பக்கத்தில் கடிகாரம் வேண்டாம். ஊரும் உறவும் பிடிபட அவ்வளவு ஆகும், அங்கே வேகம் குறைவது இயல்பு. சிறுகதைத் தொகுப்பில் எட்டுப் பக்கத்துக்கு ஒருமுறை இந்தத் தொடக்கம் வரும் என்பதால் அதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கில் எழுதிய நாவலில் பென்சிலே வேண்டாம். நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் கரிசல் பேச்சையும் காது கேட்டால்தான் கண்ணுக்குப் புரியும், ருசியும் அங்கேதான். கவிதைக்கும் இதுவே பதில். ஒரு குறளில் இருப்பது ஏழே சீர். அதில் மிச்சப்படுத்த நேரம் ஏது?

ஒரே நூல் என்னிடம் பழைய பதிப்பாகவும் மொபைலில் பிடிஎஃப் ஆகவும் இருக்கிறது. புதுப் பதிப்பு வாங்க வேண்டுமா? செய்தித்தாள் பத்தியில் பழகலாமா?
— வாசகர், மேற்கு மாம்பலம்

எழுத்து 11 அல்லது 12 பாயிண்ட், வரிகளுக்கு இடையே பென்சில் முனை தெரியும் அளவு இடைவெளி, வரிக்கு ஆறேழு சொல், மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியாத தாள். பழைய பதிப்பில் இவை இருந்தால் அதுவே போதும். பளபளப்புத் தாளில் டியூப் லைட் பிரதிபலித்துக் கண் கூசும். புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வையுங்கள். தானாக விரிந்து நின்றால் நல்லது. ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும் என்றால், உள்ஓர எழுத்துகள் வளைவுக்குள் போய்விடும், பென்சில் ஒவ்வொரு வரியிலும் அங்கே தடுக்கும். பசை போட்டு ஒட்டிய பைண்டிங்கில் இந்தத் தொல்லை அதிகம். தையல் பைண்டிங் கிடைத்தால் விடாதீர்கள்.

மொபைலில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். ஒரு வரி படிக்கத் திரையை இடம் வலம் இழுக்க வேண்டியிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும் மின்னூலாக இருந்தால் பரவாயில்லை.

செய்தித்தாள் பத்தியில் கண்ணை நேர் கீழே இறக்கிப் பழகும் முறை ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம். தமிழ்ப் பத்தியில் வரிக்கு இரண்டு, மூன்று சொல்தான் அடங்கும். நீளச் சொல் வந்தால் சிறுகோடுகூட இல்லாமல் உடைந்து, 'தெரிவித்துள் / ளார்' என்று அடுத்த வரிக்குப் போகும். உடைந்த சொல்லை ஒட்டவைப்பதிலேயே கண் களைத்துவிடும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 6 முதல் 10 வரை சமூக அறிவியல் புத்தகங்களை வேக வாசிப்பில் முடிக்கலாமா?
— தேர்வர், வில்லிவாக்கம்

முடிக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். அரசுப் பாடநூல்கள் பயிற்சிக்கு மிக நல்ல நூல்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வகுப்பு ஏற ஏறக் கடினம் படிப்படியாகக் கூடுகிறது. பாடத்தின் முடிவில் சுருக்கம், கலைச்சொற்கள், பயிற்சி வினாக்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. புரிந்ததா என்று சோதிக்க வேறெங்கும் போக வேண்டாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

இப்படிச் செய்யுங்கள். 6-ஆம் வகுப்பில் ஒரு பாடம் எடுத்து, முதலில் பயிற்சி வினாக்களைப் படியுங்கள், இரண்டு நிமிடம். பிறகு பாடத்தைப் பென்சிலோட்டத்தில் ஒரு தடவை, எங்கே என்ன இருக்கிறது என்ற வரைபடம் மனசில் விழும் அளவுக்கு மட்டும். உடனே வினாக்களுக்கு விடை சொல்லிப் பாருங்கள். பத்து வினாவுக்கு ஏழு சரியாக வந்தால் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆண்டு, பெயர், சட்டப்பிரிவு எண்களை எழுதி எழுதிப் படியுங்கள். எண்கள் வேக வாசிப்பில் தங்காது. அதற்கு நினைவுகூர்ந்து எழுதுவதுதான் வழி. ஒரு வகுப்பு நூலில் எல்லாப் பாடத்திலும் ஏழு வந்த பிறகு அடுத்த வகுப்பு.

குரூப் 4 தேர்வில் 200 வினாவுக்கு மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு 54 நொடி. நேரம் போதாமல் போவது வாசிப்பு வேகத்தால் மட்டுமல்ல. 'பொருந்தாதது எது', 'இவற்றுள் எது சரியன்று', 'தவிர' என்ற வால்களை விட்டுவிட்டு, விடைகளில் குழம்பி, வினாவுக்குத் திரும்பி வருவதாலும்தான். வினாத்தாளின் வாக்கியங்களைத் தனிப் பயிற்சியாக எடுங்கள்: பழைய வினாத்தாள் ஒன்றில் 50 வினா, விடை எழுத வேண்டாம், எதிர்மறைச் சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். பத்து நாளில் கண் தானாக அங்கே நிற்கும்.

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறேன். அந்த நேரத்தில் பயிற்சி செய்யலாமா?
— வாசகி, சானடோரியம்

உட்கார இடம் கிடைத்தால் பழைய பகுதியைத் திரும்பப் படிக்கும் சுற்றை மட்டும் செய்யுங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று நிமிடம், அலாரமே வேண்டாம். குரோம்பேட்டையில் தொடங்கிய பகுதி பல்லாவரத்தில் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் பென்சில் குத்தும், விரலே போதும். அளப்பதும் புதுப் பகுதியும் வீட்டு மேஜையில்தான்; ரயிலில் வந்த எண்ணைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். ஆங்கிலப் பாடநூல் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் ஆகிறது. எந்த ஆங்கிலப் புத்தகத்தில் வேகம் பழகுவது?
— மாணவர், குரோம்பேட்டை

பாடநூலில் அல்ல. 20 நிமிடம் ஆவது கண்ணின் வேகக்குறைவால் இல்லை, சொல் தெரியாததால். முதல் மூன்று மாதம் படித்தர வாசிப்பு நூல்கள் எனப்படும், சொல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி எழுதிய கதைகளை எடுங்கள். ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொல், இரண்டாம் நிலை 700, மூன்றாம் நிலை 1000, நான்காம் நிலை 1400, ஐந்தாம் நிலை 1800, ஆறாம் நிலை 2500. அட்டையிலேயே நிலை போட்டிருக்கும். ஒரு நிலையில் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்றால், அதற்கு ஒரு நிலை கீழே உள்ளதுதான் உங்கள் வேகப் பயிற்சி நூல். 'இது சின்னப் பிள்ளைகள் படிப்பது' என்று கூச்சப்பட்டு மேலே தாவுகிறவர்கள்தான் ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். கூச்சமே வேண்டாம், மொழி கற்கும் பெரியவர்களும் இவற்றைத்தான் படிக்கிறார்கள்.

இரண்டாம் மொழியில் வேகம் கற்பிக்கும் வகுப்புகளில் 500 சொல் அளவிலான பகுதி, அதன்பின் பத்து வினா, ஏழெட்டு சரியானால் அடுத்தது என்று போவார்கள். கதையைவிட இது பாடநூலுக்கு நெருக்கமானது. நிலை மூன்றைத் தாண்டியதும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடநூலுக்கு இப்போது வேண்டியது வேகமல்ல, உங்கள் துறையின் சொற்கள். தினம் பத்து என்று தனி நோட்டில் எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்கட்டும்.

மகனுக்கு ஒன்பது வயது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். வேக வாசிப்பு வகுப்பில் சேர்க்கலாமா?
— தாய், வியாசர்பாடி

வேண்டாம் அம்மா. எழுத்துக் கூட்டும் குழந்தைக்குக் கடிகாரம் வைத்தால் பயம்தான் வேகமாக வரும். அவனுக்கு வேண்டியது சரளம், அது உரக்கப் படிப்பதில் வரும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாக உள்ளன. முதல் நிலையில் தொடங்குங்கள், வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்வு செய்யாதீர்கள். ஒரு பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. ஒரே கதை நான்கு நாள் வரட்டும், அலுக்காது. குழந்தைகள் தெரிந்த கதையைத்தான் மறுபடி கேட்பார்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தும் ஒரே எழுத்துகளை மாற்றி மாற்றிப் படித்தால், வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது.

எனக்கு 67 வயது. பென்சில் வைத்தும் வரி மாறிப்போகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

ஐயா, புத்தகத்தை மாற்றும் முன் கண்ணைக் காட்டிவிடுங்கள். படிக்கும் கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், புரையும் தொடங்கியிருக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம். அதன்பின் 14 பாயிண்டுக்குக் குறையாத எழுத்துள்ள நூல், இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம். பென்சிலுக்குப் பதில் கெட்டி அட்டை ஒன்றைப் படித்த வரிகளின் மேல் வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள்; திரும்பிப் பார்க்க வரியே இருக்காது.

கையில் 500 ரூபாய்தான். சென்னையில் பயிற்சிப் புத்தகங்களை எங்கே, எப்படி வாங்குவது?
— வாசகர், புளியந்தோப்பு

வாங்குவதற்கு முன் கடன் வாங்குங்கள். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினரானால் போதும். ஒரு நடை பிடிக்கவில்லை என்றால் மறுநாளே திருப்பிக் கொடுத்து வேறு எடுக்கலாம். விலைக்கு வாங்கினால் அந்த மனம் வராது, ஒவ்வாத புத்தகத்தோடு மல்லுக்கட்டுவோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தில் மூன்று பக்கச் சோதனையைச் செய்துவிட்டு, தேறியதை மட்டும் குறித்துவந்து வாங்குங்கள். நூலகப் புத்தகத்தில் பென்சில் முனை படக் கூடாது. பென்சிலைத் திருப்பி ரப்பர் பக்கத்தால் ஓட்டுங்கள், நின்ற இடத்துக்குக் காகிதத் துண்டு.

பழைய புத்தகங்களுக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம். பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதோடு முன்னவர் அடிக்கோடு போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். வேறு யாரோ போட்ட கோட்டில் உங்கள் கண் நின்று நின்று போகும், அந்தப் பிரதி பயிற்சிக்கு ஆகாது. புதுப் புத்தகம் என்றால் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி வரை பொறுக்கலாம், 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே உள்ளன. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் கிடைப்பவை ஸ்கேன் அல்ல, தட்டச்சு செய்தவை; எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

ஒரே புத்தகத்தில் எத்தனை நாள் பழகலாம்?
— வாசகி, ராயபுரம்

சூடேற்றும் புத்தகம் தேயும் வரை. புதுப் பகுதிக்கு வைத்த புத்தகம் முடிந்ததும் மாற்ற வேண்டியதுதான். இரண்டாம் முறை அதில் வரும் வேகம் கணக்கில் சேராது. ஞாயிறுதோறும் வேகத்தை அளக்க வைத்த கட்டுரைத் தொகுப்பை மற்ற நாளில் திறக்காதீர்கள். எட்டு வாரத்துக்கு எட்டுக் கட்டுரை, படிக்காததாக அதில் மிச்சம் இருக்க வேண்டும்.